வரவுக்குள் வாழ்வோம், வட்டியின்றி மீள்வோம்

 

  

நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம். தொழுகை இருக்கிறது, நோன்பு இருக்கிறது, பிள்ளைகள் மதரஸாவுக்குப் போகிறார்கள். ஒரு நள்ளிரவில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி வருகிறது. மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் ரொக்கம் இல்லை. விடிந்ததும் மனைவியின் கழுத்தில் இருப்பது அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் போதாமல் தண்டல்காரரின் வாசலில் போய் நிற்க வேண்டியதாகிறது. நோயாளி சில நாட்களில் குணமாகி வீடு திரும்பிவிடுகிறார். வட்டி மட்டும் வீட்டைவிட்டுப் போவதில்லை.

வட்டி ஹராம் என்று அறியாதவர் நம்மில் எவருமில்லை. வட்டியைக் கைவிடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாகத் திருக்குர்ஆன் (2:279) எச்சரிப்பதையும் பலமுறை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் ஈமானுள்ள ஒரு குடும்பம் வட்டிக்குள் எப்படி விழுகிறது? பெரும்பாலும் பேராசையால் அல்ல. எதிர்பாராமல் வந்த ஒரு செலவினால்தான் விழுகிறது. ஆகவே, வட்டியிலிருந்து விலகி வாழ விரும்புகிறவர், செலவு வந்தபின் வழி தேடுவதைவிட, அது வருவதற்கு முன்பே வரவைவிடக் குறைவாகச் செலவழித்து வாழப் பழகிக்கொள்ள வேண்டும். இன்று நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இதுதான்.

நடுநிலையே இறையடியாரின் பண்பு

அளவற்ற அருளாளனின் நல்லடியார்கள் யார் என்பதை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் இறுதியில் அல்லாஹ் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். பணிவாக நடப்பவர்கள், இரவில் நின்று வணங்குபவர்கள், நரக வேதனையை அஞ்சுபவர்கள் என்று கூறிவரும் அதே வரிசையில், செலவு செய்யும்போது வீண் விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பவர்கள் என்பதையும் (25:67) சேர்த்துச் சொல்கிறான். இரவுத் தொழுகையோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறதே, குடும்பச் செலவு எத்தகைய வணக்கமாகிறது என்பதைச் சிந்தியுங்கள்!

இஸ்ரா அத்தியாயத்திலும் இதே கருத்து ஓர் உவமையோடு வருகிறது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டவனைப் போலவும் இருக்கக்கூடாது. முழுவதுமாக விரித்துவிட்டவனைப் போலவும் இருக்கக்கூடாது. அப்படி விரித்துவிட்டால் பழிப்புக்கு ஆளாகி, ஒன்றுமற்றவராக உட்கார நேரிடும் (17:29). முற்றிலும் விரிந்த கையில் எதுவும் தங்காது. அவசரம் வரும்போது அக்கை வெறுங்கையாகவே இருக்கும்.

மார்க்க மேதைகள் மனிதத் தேவைகளை மூன்று படித்தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது ‘ளரூரிய்யாத்’. உணவு, உடை, உறைவிடம், மருந்து போல, இல்லாவிட்டால் வாழ்வே நிலைகுலைந்துவிடும் தேவைகள் இவை. இரண்டாவது ‘ஹாஜிய்யாத்’. இல்லாவிட்டால் வாழ முடியும். ஆனால் சிரமமாக இருக்கும். மூன்றாவது ‘தஹ்ஸீனிய்யாத்’. வாழ்வுக்கு அழகு சேர்ப்பவை. மூன்றுமே ஹலாலானவைதாம். ஆனால் மூன்றாவது படித்தரத்துக்காக முதலாவதை ஆபத்தில் தள்ளுவது அறிவுடைமை அல்ல. நம் வீடுகளில் நடப்பது என்ன? வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும் பொருள் மாதத் தவணையில் வந்துவிடுகிறது. மருந்துக்கு எடுத்துவைத்த பணம் மட்டும் இருப்பதில்லை.

அவரவர் வசதிக்கேற்பவே செலவு செய்ய வேண்டும் என்பதும் இறைக்கட்டளையே. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்யட்டும். அவன் கொடுத்ததற்கு மேல் எவரையும் அவன் சிரமப்படுத்துவதில்லை. சிரமத்துக்குப் பின் இலகுவை ஏற்படுத்துவான் என்ற கருத்து அத்தலாக் அத்தியாயத்தில் (65:7) வருகிறது. அல்லாஹ் சுமத்தாத பாரத்தை, பக்கத்து வீட்டாரைப் பார்த்து நாமே நம் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா?

யூசுஃப் நபியின் பதினான்கு ஆண்டுத் திட்டம்

வரவைவிடக் குறைவாகச் செலவழித்து வாழ்வதற்கு மிகச் சிறந்த முன்மாதிரியைத் திருக்குர்ஆனே நமக்குத் தருகிறது. எகிப்தின் அரசர் ஒரு கனவு கண்டார். கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்றன. பசுமையான ஏழு கதிர்களும் காய்ந்த வேறு கதிர்களும் தோன்றின. விளக்கம் கேட்டுச் சிறையில் இருந்த யூசுஃப் (அலை) அவர்களிடம் ஆள் வந்தார். அவர்கள் கனவின் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. செய்ய வேண்டிய ஏற்பாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள் (12:43-49).

ஏழாண்டுகள் வழக்கம்போல் பயிரிட வேண்டும். அறுவடையில் உண்பதற்கு வேண்டிய சிறு அளவைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும். பின்னர் வரும் கடுமையான ஏழாண்டுகள் அந்தச் சேமிப்பை உண்டு தீர்க்கும். அப்போதும் ஒரு சிறு பகுதியைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்குப் பின் மழை பொழியும் ஓர் ஆண்டு வரும். இதுவே அவர்கள் கூறியதன் சுருக்கம்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, சேமிப்பு செழிப்பான காலத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த ஏழாண்டுகளிலும் விளைச்சல் அபரிமிதமாக இருந்தது. ஆயினும் உண்டது சிறு அளவே. வருமானம் கூடும்போது செலவையும் அதே அளவு கூட்டிக்கொண்டால் செழிப்பு நம்மைக் கடந்து போய்விடும்.

இரண்டாவது, தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள். கதிரில் இருக்கும் தானியம் பூச்சி அரிக்காமல் நீண்ட நாள் கெடாது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சேமித்தால் மட்டும் போதாது; எளிதில் கைபட்டுக் கரைந்துவிடாத இடத்தில் சேமிக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை. அன்றாடச் செலவுப் பணத்தோடு கலந்து வைத்த சேமிப்பு மாதக் கடைசியில் காணாமல் போய்விடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்ச காலத்திலும் முழுவதையும் உண்டுவிடாமல் ஒரு சிறு பகுதியைக் காப்பாற்றச் சொன்னார்கள். அது மறுபடியும் விதைப்பதற்கான விதை என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். கஷ்டம் வந்துவிட்டதே என்று கையிருப்பை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டால் கஷ்டம் நீங்கிய பிறகு எழுந்து நிற்க ஒன்றும் இருக்காது. தையல்காரர் தம் இயந்திரத்தையும், ஓட்டுநர் தம் ஆட்டோவையும் விற்றுச் செலவுக்குக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சகோதரர்களுக்கு இந்த வரலாறு நன்கு பொருந்தும். சவூதியிலும் துபாயிலும் உழைக்கும் ஆண்டுகள்தாம் அவர்களுடைய செழிப்பான ஆண்டுகள். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது வேலையிழந்து ஊர் திரும்பியவர்களில் இரு வகையினரைக் கண்டோம். மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்தார் ஒதுக்கி வைத்திருந்த வீடுகள் அந்த மாதங்களைப் பொறுமையோடு கடந்தன. ‘வெளிநாட்டுச் சம்பாத்தியம்’ என்ற பெயரைக் காப்பாற்றவே வந்ததை எல்லாம் செலவழித்த வீடுகள் சில வாரங்களிலேயே கடன் கேட்கத் தொடங்கின. இருவரும் அதே பாலைவனத்தில்தான் உழைத்தார்கள். வேறுபாடு, கதிரில் விட்டுவைத்ததில்தான் இருந்தது.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு முரணா?

“நாளைக்கு அல்லாஹ் தருவான்; இன்றைக்கு எதற்குச் சேமிக்க வேண்டும்?” என்று சிலர் கேட்பதுண்டு. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் தவக்குலை நமக்குக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழங்களை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைப்பார்கள் என உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்டு, பின்னர் தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் கஅபு பின் மாலிக் (ரலி) அவர்கள் தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்வதே நல்லது என்று அண்ணலார் அறிவுறுத்தினார்கள் (புகாரி). நோயுற்றிருந்த ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வம் அனைத்தையும் மரண சாசனம் செய்ய அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே அனுமதி தந்து, அதுவும் அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச்செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச்செல்வது மேலானது என்பதையும் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்).

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டுமென்ற நபிமொழியை (திர்மிதீ) நாமெல்லாம் அறிவோம். குடும்பத்தலைவரின் ஒட்டகக் கயிறு அவருடைய கையிருப்பு. கட்டிய பிறகும் காப்பாற்றுபவன் அல்லாஹ்தான். கட்டாமல் விட்டவர் ஒட்டகம் ஓடிப்போன பிறகு விதியின் மீது பழிபோடுவது தவக்குல் ஆகாது.

அதே சமயம், சேமிப்பு கஞ்சத்தனமாக மாறிவிடக் கூடாது. தர்மம் செல்வத்தைக் குறைப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (முஸ்லிம்). சேமிப்பு நிஸாபை அடைந்து, அதாவது ஹனஃபி மத்ஹபின்படி சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி, சந்திர மாதக் கணக்கில் ஓராண்டு நிறைவடைந்தால், அதிலும் இரண்டரை சதவீதம் ஜகாத் கடமையாகும். அவசரத்துக்கு வைத்த பணம் என்பதால் ஜகாத் நீங்கிவிடாது.

‘எதிர்பாராத’ செலவுகள் எவை?

எதிர்பாராத செலவு என்று நாம் சொல்பவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகைகள் தெரியும்.

முதல் வகை, நாள் தெரிந்த செலவு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். கட்டணமும் புத்தகமும் சீருடையும் வேண்டும். ரமளான் வரும், பெருநாள் வரும், பிள்ளைகளுக்குப் புத்தாடை வேண்டும். குர்பானி வரும். வீட்டு வரி வரும். இவற்றில் எதுவும் சொல்லாமல் வருவதில்லை. ஆண்டுதோறும் வருவதை ‘திடீர்ச் செலவு’ என்று சொல்வது நம் மறதிக்கு நாம் வைத்த பெயர். இவற்றின் மொத்தத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒதுக்கினால் போதும். ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகிறதென்றால் மாதம் 3,000 ரூபாய். அந்த 3,000 ரூபாய் நம்முடைய வரவு அல்ல. ஜூன் மாதத்துக்கும் பெருநாளுக்கும் சொந்தமானது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். குர்பானி வசதியுள்ளவர்களுக்கே உரிய வணக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊராருக்காகக் கடன் வாங்கி அதைச் செய்யுமாறு மார்க்கம் கேட்கவில்லை.

இரண்டாவது வகை, வருவது உறுதி, ஆனால் நாள் தெரியாத செலவு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். மிக்ஸி பழுதாகும். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டியிருக்கும். நெருங்கிய உறவில் ஒரு மவுத் நிகழ்ந்து வெளியூர் போக வேண்டியிருக்கும். எந்த மாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓராண்டில் இவற்றில் இரண்டு மூன்றாவது வராமல் போகாது.

மூன்றாவது வகைதான் உண்மையிலேயே எதிர்பாராதது. பெருநோய், விபத்து, வேலையிழப்பு, இயற்கைச் சீற்றம் ஆகியவை இதில் அடங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓராண்டில் பெய்ய வேண்டியதற்கு ஈடான மழை ஒரு நாளில் இறங்கினால் எந்தக் குடும்பத்தின் கணக்குத்தான் தாங்கும்? இத்தகைய சோதனையை ஒரு குடும்பம் தனியாகத் தாங்க முடியாது. இங்கேதான் மஹல்லா முழுவதும் கைகொடுக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு வகைகளையும் நாமே சமாளித்துவிட்டால், மூன்றாவது வகை வரும்போது ஏற்கனவே கடனில் மூழ்கிய நிலையில் அதைச் சந்திக்க மாட்டோம்.

நூறு ரூபாய்க் கணக்கு

“வருகிற வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை, இதில் சேமிப்பது எங்கே?” என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத் தண்டல் கணக்கையே எடுத்துக்காட்டாகப் பார்ப்போம்.

கடைவீதிகளில் பழக்கத்தில் உள்ள ஒரு முறையில், 10,000 ரூபாய் தண்டலுக்கு 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருகிறார்கள். பிறகு தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிக்கிறார்கள். சேமிக்கவே முடியாது என்று சொன்ன அதே குடும்பம்தான், ஒரு நாளும் தவறாமல் அந்த 100 ரூபாயை 100 நாட்கள் கட்டி முடிக்கிறது. அதே 100 ரூபாயை 85 நாட்கள் முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் அதே 8,500 ரூபாய் நம் வீட்டிலேயே இருந்திருக்கும். 50 ரூபாய்தான் முடியுமென்றால் 170 நாட்கள். ஆறு மாதம்கூட ஆகாது.

முன்னதாக ஒதுக்கியவருக்கு 1,500 ரூபாய் மிச்சம் என்பது சிறிய இலாபம். வட்டி கொடுத்த பாவம் ஏட்டில் ஏறவில்லை என்பதே பெரிய இலாபம். வட்டி வாங்குபவரை மட்டுமின்றிக் கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் (முஸ்லிம்) என்பதை மறந்துவிடலாகாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் வாங்குகிறவர் வாசலில் போய் நிற்கும்வரை கொடுப்பவரும் இருந்துகொண்டுதான் இருப்பார்.

மிகக் குறைந்த வருவாயில், ஒரு வேளை உணவுக்கே போராடும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் சேமிக்கச் சொல்வது முறையாகாது. அவர்கள் ஜகாத்துக்கு உரியவர்கள். அவர்களைத் தேடிச் சென்று கொடுப்பது மற்றவர்களின் கடமை.

வரவைவிடக் குறைவாக வாழும் வழிகள்

ஒன்று: ஒதுக்கிய பிறகு செலவு செய்யுங்கள். மாதம் 20,000 ரூபாய் வருமானம் உள்ளவர், தம் வருமானம் 18,000 ரூபாய்தான் என்று தீர்மானித்துக்கொள்ளட்டும். சம்பளம் வந்த அன்றே 2,000 ரூபாயைத் தனியே எடுத்துவிடட்டும். ஓராண்டில் 24,000 ரூபாய் சேர்ந்துவிடும். மிஞ்சினால் சேமிப்போம் என்றிருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது. வங்கிக் கணக்கில் வைத்து அதற்கு வட்டி சேர்ந்தால், அதைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தாமல், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு: கீழே இருப்பவரைப் பாருங்கள். செல்வத்தில் நமக்கு மேலே இருப்பவரைப் பார்க்காமல் கீழே இருப்பவரைப் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அல்லாஹ்வின் அருட்கொடையை இலேசாக எண்ணாமலிருக்க அதுவே ஏற்ற வழி என்றும் சொன்னார்கள் (முஸ்லிம்). அண்டை வீட்டுக் கல்யாண மண்டபத்தை அளவுகோலாக வைத்து நம் பிள்ளையின் நிகாஹைத் திட்டமிட்டால், ஒரு நாள் விருந்துக்குப் பத்தாண்டு கடன்படுவோம். வலீமா சுன்னத்து; ஆடம்பரம் சுன்னத்து அல்ல. பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் கேட்டு வாங்குவதோ அநியாயம். பல தகப்பன்மார்களின் முதுகெலும்பை முறித்த கடன் அதுவே.

மூன்று: ஆசைப்பட்டதையெல்லாம் அன்றே வாங்காதீர்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஆசைப்பட்டவுடன் வாங்கிவிடுவதா என்று கேட்டதாக அறிவிப்பு உள்ளது. ஹலாலான இறைச்சியிலேயே அந்தக் கண்டிப்பு என்றால், தவணையில் வாங்கும் கைபேசியைப் பற்றி என்ன சொல்வது?

நான்கு: கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கணவர் குடும்பத்தின் பொறுப்பாளர். மனைவி கணவருடைய இல்லத்தின் பொறுப்பாளர். இருவருமே விசாரிக்கப்படுவார்கள் (புகாரி). வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை மறைத்துவைத்துவிட்டு, மனைவி செலவழிக்கிறாள் என்று குறை சொல்வது சரியல்ல. பிள்ளைகளுக்கும் பக்குவமாகச் சொல்லலாம். வீட்டின் நிலை தெரிந்த பிள்ளை அடம்பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ஐந்து: ஆரோக்கியமாக இருக்கும்போதே மருத்துவ ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் வறுமைக்கு முன் செல்வத்தையும் பயன்படுத்திக்கொள்ளும்படி நபிமொழி (ஹாகிம்) உள்ளது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடந்துவருகிறது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அரசே தொகை செலுத்துகிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சான்றிதழுக்கு அலைவதைவிட இன்றே பதிந்து வைப்பது நல்லது.

சோதனை வந்துவிட்டால்

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் சோதனை வரத்தான் செய்யும். அப்போது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அல்லாஹ்விடம் திரும்புங்கள். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடும்படி அவனே சொல்லியிருக்கிறான் (2:153). பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் வட்டிக்கடை வாசலுக்கு இழுத்துச் செல்கிறது. இரண்டு ரக்அத்து தொழுது மனம் அமைதியடைந்தபின் முடிவெடுங்கள்.

அடுத்து, கையிருப்பை எடுங்கள். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கத்தானே அதை வைத்தோம்! ஆனால் எடுத்ததை மறுபடி நிரப்பும் நிய்யத்தோடு எடுங்கள்.

மூன்றாவதாக, செலவைச் சுருக்குங்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அரேபியாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ‘ஆமுர் ரமாதா’ என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. மக்கள் பஞ்சத்திலிருந்து மீளும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முடிவெடுத்து, ஸைத்தூன் எண்ணெயோடு காலம் தள்ளினார்கள். ஓர் ஆட்சியாளருக்கே அது கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. கஷ்டகாலத்தில் நாம் எளிமையாக உண்டால் நம் கௌரவம் குறைந்துவிடுமா?

நான்காவதாக, தேவைக்கு மேற்பட்டதை விற்றுவிடுங்கள். நகையை வட்டிக்கு அடகு வைத்து, ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டி, கடைசியில் ஏலத்தில் இழப்பதைவிட, அதில் ஒரு சிறு பகுதியை விற்றுக் காரியத்தை முடிப்பது மார்க்கத்துக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். மனைவியின் மஹரும் நகையும் மனைவிக்கே சொந்தம். அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவர் அனுபவிக்கலாம் (4:4). திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் அது கணவர் மீதுள்ள கடன். மரணத்திற்குப் பின் சொத்தைப் பங்கிடும் முன் அடைக்கப்பட வேண்டிய கடன்களில் அதுவும் சேரும்.

ஐந்தாவதாக, வட்டியில்லாக் கடன் கேளுங்கள். கடன் வாங்குவது குற்றமல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது (புகாரி). ஆனால் கடனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதுவது பற்றியதுதான். கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாதுகாவல் தேடிவந்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்களித்தால் மாறுசெய்கிறார் என்று விளக்கினார்கள் (புகாரி). மூன்று தீனார் கடன் வைத்து மரணித்தவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காமல் விலகி நின்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள் (புகாரி). திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு அல்லாஹ் உதவி செய்வான் என்ற நற்செய்தியும் (புகாரி) நமக்கு உண்டு.

ஆறாவதாக, எல்லா வழிகளும் அடைபட்டால் ஜகாத் கேட்பதில் வெட்கமில்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவர்களையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் (9:60). பேரிடரில் பொருளை இழந்தவர் வாழ்க்கை நிலைபெறும்வரை உதவி கேட்க அனுமதி உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கபீஸா (ரலி) அவர்களிடம் கூறியிருக்கிறார்கள் (முஸ்லிம்).

“நிர்ப்பந்தம் என்றால் வட்டிக்கு வாங்கலாம் அல்லவா?” என்ற கேள்வி எல்லா ஊர்களிலும் இமாம்களிடம் கேட்கப்படுகிறது. உயிர் போகும் நிலை, மேலே சொன்ன ஒரு வழியும் இல்லை என்ற அளவுக்கான இக்கட்டையே மார்க்கம் நிர்ப்பந்தம் என்கிறது. அதைக்கூடத் தாமே முடிவு செய்துகொள்ளாமல், தம் நிலைமையை முழுமையாக எடுத்துச் சொல்லி ஓர் ஆலிமிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். கல்யாணச் சாப்பாடும், வீட்டுக்கு மேல் மாடியும், புது வாகனமும் எந்த மத்ஹபிலும் நிர்ப்பந்தம் ஆகா.

மஹல்லாவின் பொறுப்பு

ஒரு வீட்டின் சோதனை அந்த வீட்டோடு முடிவதல்ல. பயணத்திலோ மதீனாவிலோ உணவு குறைந்துபோனால், அஷ்அரீ குலத்தார் தம்மிடமுள்ளதை எல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களுடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி மற்றவர்களிடம் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). மவுத்து வீட்டுக்கு மற்றவர்கள் சமைத்துக் கொடுப்பதுதான் நபிவழி. நாமோ மவுத்து வீட்டார் ஊருக்குச் சமைத்துப் போடும் நிலைக்கு அவர்களைத் தள்ளி, துக்கத்தோடு கடனையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

தமிழகத்தின் பல முஸ்லிம் ஊர்களில் பைத்துல்மால்கள் இயங்குகின்றன. நகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு வட்டியின்றிக் கடன் தருகின்றன. இல்லாத மஹல்லாக்களில் பத்துப்பேர் முன்வந்தால் தொடங்கிவிடலாம். ஒவ்வொருவருக்கும் முழுத் தொகையும் சுழற்சியில் கிடைக்கும் குலுக்கல் சீட்டும், தள்ளுபடி ஏலம் இல்லாதவரை, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடே. கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள், முடிந்தால் தள்ளுபடி செய்யுங்கள் (2:280). அப்படிச் செய்பவருக்கு மறுமையில் அல்லாஹ்வின் நிழல் கிடைக்கும் (முஸ்லிம்). வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: வசதி வந்த பிறகும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி (புகாரி). நாம் இழுத்தடித்தால், அடுத்து வரும் உண்மையான ஏழைக்குக் கடன் கொடுக்கும் கை மூடிக்கொள்ளும். அந்தப் பாவத்திலும் நமக்குப் பங்குண்டு.

அன்பிற்குரியவர்களே! இந்த ஜுமுஆவிலிருந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஓர் உறையிலோ உண்டியலிலோ ‘அவசரத்துக்கு’ என்று எழுதி, முடிந்ததைப் போடுங்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் சரி. குறைவாக இருந்தாலும் நிரந்தரமாகச் செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது (புகாரி, முஸ்லிம்). ஹராமிலிருந்து குடும்பத்தைக் காக்கும் நிய்யத்தோடு போடப்படும் அந்தக் காசுக்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்களுடைய ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வாயாக! விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் நெருப்பிலிருந்தும் எங்கள் குடும்பங்களைப் பாதுகாப்பாயாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், கடன்பட்டோருக்கு அதை அடைக்கும் வழியையும் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.